கணக்கு வாத்தியாரின் அமெரிக்கா

நான் அமெரிக்காவுக்குப் போனதில்லை. போகவேண்டும் என்று நினைத்ததும் இல்லை. ஆனாலும் லண்டனில், செவன் கிங்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் இருபத்தாறு பேருக்கு, ஒரு முழு வருடம் அமெரிக்க வரலாறு படிப்பித்தேன். அந்த இருபத்தாறு பேரும் என்னை நம்பிப் பரீட்சை எழுதினார்கள். இதில் யாருடைய துணிவு பெரியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

என் பாடம் கணக்கு. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் படிப்பிக்கிறேன். அந்த வருடம் செப்டெம்பரில் வரலாற்று ஆசிரியை பிள்ளைப்பேற்று விடுமுறையில் போனார். அவருடைய இடத்துக்கு ஒருவரை எடுத்தார்கள். அவர் இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. நான்காம் நாள், இனி வரமாட்டேன் என்று மின்னஞ்சல் அனுப்பினார். அன்று பின்னேரம் துணை அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

துணை அதிபர் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர். ஆனால் மனிதர்களை நேர அட்டவணையின் கட்டங்களாகவே பார்த்துப் பழகியவர். எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்குச் சாதகம் பார்ப்பதுபோல அவர் அட்டவணை பார்ப்பார். என்னுடைய ஓய்வு வேளைகள் மூன்றும் வரலாற்றுப் பாடவேளைகள் மூன்றும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன என்று சொன்னபோது அவருடைய முகத்தில் ஒரு தரகரின் மகிழ்ச்சி தெரிந்தது. எனக்கு அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றேன். அது பெரிய விஷயமில்லை, அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பற்றிய அலகுதான், புத்தகத்தில் பாதி படங்கள் என்றார். பழைய சித்திரங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள். பிள்ளைகள் படத்தைப் பார்த்து, இந்த ஆதாரம் எவ்வளவு பயனுள்ளது என்று எழுதவேண்டும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் இல்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கிறவள் என்பதால் எதையும் உடனே நம்பமாட்டாள்.

"உங்களுக்குக் கௌபோய்ப் படம் பாக்கவே பொறுமையில்லை. பாதியில நித்திரை கொண்டுடுவியள். நீங்கள் என்னத்தைப் படிப்பிக்கப் போறியள்?" என்றாள்.

முதல் பாடத்திலேயே ஒரு சொல் குறுக்கே வந்து நின்றது. புத்தகம் அமெரிக்க மேற்குச் சமவெளியின் பூர்வீக மக்களை 'இந்தியர்' என்று எழுதியிருந்தது. என் முன்னால் இருந்த வகுப்பில் பாதிப்பேர் குஜராத்தி, பஞ்சாபி, தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள். நானோ இந்த நகரத்தில் முப்பது வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர், பல் வைத்தியர், டாக்சி ஓட்டுபவர் என்று ஒருவர் விடாமல், நான் இந்தியன் இல்லை, இலங்கை என்று விளக்கம் கொடுத்து வருபவன். இப்போது அவர்களும் இந்தியர் இல்லை, எவனோ ஒரு மாலுமி வழிதவறிப் போய் வைத்த பெயர் அது என்று விளக்கினேன். அப்படியானால் உண்மையில் யார்தான் இந்தியர் என்று முன்வரிசையில் ஒருவன் கேட்டான். நானும் இல்லை, அவர்களும் இல்லை என்பதோடு பாடம் முடிந்தது.

வார இறுதிகளில் நான் வீட்டில் இருந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒரு தெம்பு வந்தது. அந்தக் காலத்துப் படப் பத்திரிகைகளுக்குச் சித்திரம் கீறியவர்களில் பலர் அந்தச் சமவெளியைக் கண்ணால் கண்டதே இல்லையாம். நகரத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, யாரோ எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு, எருமைக் கூட்டத்தையும் குதிரைப் படையையும் கீறித் தள்ளியிருக்கிறார்கள். லண்டனில் இருந்துகொண்டே கீறியவர்களும் இருந்தார்கள். எனக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் திங்கட்கிழமை கொஞ்சம் நிமிர்ந்தே வகுப்புக்குள் போனேன்.

பிள்ளைகளிடம் ஒரு எளிய சூத்திரம் இருந்தது. கையால் கீறினால் பொய், கமராவால் எடுத்தால் உண்மை. கணக்கு வாத்தியாருக்கு அது பிடித்துக்கொண்டது. கமரா ஒரு இயந்திரம், இயந்திரத்துக்கு ஏது உள்நோக்கம் என்று நானும் ஒத்து ஊதினேன். இரண்டு கிழமை நன்றாகவே போனது.

மூன்றாம் கிழமை, வரலாற்று ஆசிரியை அலுமாரியில் விட்டுப்போன ஒரு கோப்பைத் திறந்தேன். உள்ளே பெரிதாக்கிய புகைப்படங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் அவருடைய பென்சில் குறிப்பு. முதல் படத்தில் ஒரு கூடாரத்துக்குள் பூர்வீக மக்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு மணிக்கூடு இருந்ததாம். மணிக்கூடு வைத்திருக்கும் 'இந்தியரை' வாங்குபவர்கள் விரும்பமாட்டார்கள் என்று, படம் பிடித்தவர் பிறகு அதை அழித்துவிட்டாராம். வகுப்பு அந்த மணிக்கூட்டுக்காகக் கோபப்பட்டது.

அடுத்தது இரண்டு படங்கள். வீட்டிலிருந்து பிரித்துத் தூர விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோன பிள்ளைகள் சிலர். முதல் படத்தில் நீண்ட தலைமயிரும் போர்வையும். இரண்டாவதில் அதே பிள்ளைகள், ஒட்ட வெட்டிய தலையும் கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டையுமாக. பள்ளிக்கூடம் தன் வெற்றியைக் காட்ட எடுத்த படங்கள். இவற்றுக்கு யாரும் பகிடி விடவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு யாழ்ப்பாணத் தமிழ்ப் பிள்ளை மட்டும் கையை உயர்த்தினாள். அதுவரை வாயே திறக்காத பிள்ளை. கணக்கிலும் என் வகுப்புத்தான், அங்கேயும் அப்படித்தான். அவள் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இதை யாருக்கு அனுப்ப எடுத்தார்கள்?

பாடப்புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. யார் எடுத்தார், எப்போது எடுத்தார், எதற்கு எடுத்தார் என்றெல்லாம் இருந்தது. யாருக்கு அனுப்பினார் என்று இல்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் வகுப்பில் எந்தப் படத்தை எடுத்தாலும் அதுதான் முதல் கேள்வி.

கோப்பில் கடைசியாக இருந்த படம்தான் என்னை வம்பில் மாட்டிவிட்டது. மரம், மலை ஒன்றும் இல்லாத வெட்டவெளி. நடு முற்றத்தில் தேவாலயத்தில் இருப்பதுபோல ஒரு ஓர்கன் வாத்தியம். அதைச் சுற்றி நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் நிற்கிறது. அவர்கள் இருந்தது புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டில். அந்த வீட்டைப் பார்த்தால் கிழக்கே இருக்கும் உறவினர்கள் என்ன நினைப்பார்கள் என்று வீட்டுக்காரிக்கு வெட்கம். ஆனால் தங்களிடம் ஓர்கன் இருப்பது அவர்களுக்குத் தெரியவும் வேண்டும். ஆகவே ஓர்கனை வெளியே இழுத்துக்கொண்டு வந்து, வீடு தெரியாத மாதிரிப் படம் எடுத்து, திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும் போல இருந்தது. அவர்கள் இதே லண்டனில், வெம்பிளியில் இருக்கிறார்கள். ஹரோவில் இருக்கிறார்கள். நான் போகும் கலியாண வீடுகள் எல்லாவற்றுக்கும் வருகிறார்கள்.

அந்த உற்சாகத்தில் ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். உங்கள் குடும்பம் தூரத்தில் இருக்கும் யாருக்கோ அனுப்பிய ஒரு படத்தைக் கொண்டுவாருங்கள். கீழே எழுதுங்கள்: படத்துக்குள் என்ன இருக்கிறது, படத்துக்கு வெளியே என்ன இருந்தது, யார் பார்ப்பதற்காக எடுத்தது.

என் உத்தியோக வாழ்க்கையில் இருபத்தாறு பேரும் வீட்டுவேலை செய்துகொண்டு வந்தது அதுதான் முதலும் கடைசியும். ஒரு பஞ்சாபிப் பையனின் தாத்தா, கதவைத் திறந்து வைத்த குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார். உள்ளே முட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. மலேசியத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் சித்தி, பனிக்குள் செருப்பில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு வெளியே, அழுதது என்று எழுதியிருந்தது.

பின்வரிசைப் பிள்ளை தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த இளைஞர். பக்கத்தில் பளபளவென்று ஒரு சிவப்புக் கார். பின்னால் வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீடு. கீழே அவள் எழுதியிருந்தாள்: "படத்தில் இருப்பவை: அப்பா, ஒரு கார், ஒரு வீடு. இவற்றில் எங்களுடையது: அப்பா. படத்துக்கு வெளியே: அப்பா அந்தத் தெருவில் வீடு வீடாகப் போட்ட பிட்சாக்கடை விளம்பரத் தாள்கள், ஒரு பை நிறைய. பார்ப்பதற்காக எடுத்தது: யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மா. விளைவு: நான்."

இதை எப்படித் தெரிந்துகொண்டாய் என்று கேட்டேன். அந்தப் படத்தை எடுத்தவர் அப்பாவின் சிநேகிதர், ஒரு பிறந்தநாள் விழாவில் சொல்லிச் சிரித்தார் என்றாள். நான் முழுப் புள்ளியும் போட்டேன். வரலாற்று வகுப்புக்கு வெளியே இருந்த நடைபாதைச் சுவரில் எல்லாப் படங்களையும் ஒட்டினேன். அவளுடையதை நடுவில் ஒட்டினேன். துணை அதிபர் பார்ப்பார் என்று யோசித்தேன். அந்த அப்பா பார்ப்பார் என்று யோசிக்கவில்லை.

அப்போதுதான் பிள்ளைகள் என் படத்தைக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வீட்டுக்குப் போய் அல்பத்தைப் புரட்டி, எல்லாவற்றிலும் பார்க்கக் கண்ணியமான ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன்: நான் பட்டமளிப்பு அங்கி, தொப்பி போட்டு, கையில் சுருட்டிய பத்திரத்தோடு நிற்கும் படம்.

அது வெம்பிளியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அங்கியும் தொப்பியும் ஸ்டூடியோக்காரருடையவை. வருகிறவர்களுக்காகச் சுவரில் ஆணியில் தொங்கும். எனக்கு அப்போது பட்டத்துக்கு ஒரு பாடம் மிச்சம் இருந்தது. ஆனால் மகன் பட்டதாரி என்று அப்பா ஊரில் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டு, படத்தை அனுப்பு என்று மூன்று கடிதம் போட்டிருந்தார். அனுப்பினேன். பட்டம் அடுத்த வருடம் வந்தது. இன்னொரு தரம் படம் எடுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

வகுப்பில் படத்தைத் தூக்கிக் காட்டி, என் பட்டமளிப்பு, என் அப்பாவுக்கு அனுப்பியது என்றேன். முதலாவது பொய், இரண்டாவது உண்மை. ஐம்பது வீதம். எந்தப் பரீட்சையிலும் அது பாஸ்தான். படத்துக்கு வெளியே என்ன என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன். பின்வரிசைப் பிள்ளை என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கொப்பியில் எதையோ எழுதினாள்.

பெற்றோர் வந்து ஆசிரியர்களைச் சந்திக்கும் பேரன்ட்ஸ் ஈவினிங் பெப்ரவரியில் வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் முடிந்தால் மணி அடிக்கும், எழும்பிப் போய்விடவேண்டும். மண்டபத்துக்கு வரும் வழி அந்த நடைபாதைதான் என்பது, முதல் ஆட்கள் சிரித்துக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஏழாவதோ எட்டாவதோ ஆளாக வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், கனரி வார்ஃப் பக்கம் வங்கியொன்றில் கம்ப்யூட்டர் வேலை. மகளின் கொப்பியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"சார், ஒரு சின்ன டவுட். அமெரிக்காவுல இந்தியன்ஸுக்கு ரிசர்வேஷன் குடுத்தாங்கன்னு என் பொண்ணு எழுதியிருக்கா. ஊர்ல எங்கப்பா வீடியோ கால்ல அதைக் கேட்டுட்டு, அங்கயுமா, எத்தனை பர்சென்ட்னு கேக்கறார். நான் என்ன சொல்றது?" என்று சிரித்தார்.

அந்த ரிசர்வேஷன் இட ஒதுக்கீடு இல்லை என்றேன். சொந்த நிலத்திலிருந்து ஆட்களைத் துரத்திவிட்டு, அதிலேயே ஒரு துண்டைக் காட்டி இதற்குள் இருங்கள் என்று விடுவதற்கும் அங்கே அதே சொல்தான் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். நிலம் முழுக்க முதலில் அவங்களோடதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். மிச்சம் இருந்த இரண்டு நிமிடமும் அவர் மகளின் புள்ளிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மணி அடித்ததும், இதை அப்பாகிட்ட சொன்னா போனை வெக்கவே மாட்டார் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர்கள் பின்வரிசைப் பிள்ளையின் தாய் தகப்பன். பிள்ளையும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். தகப்பன் நன்றாக உடம்பு வைத்திருந்தார். தலையில் பாதி நரை. ஆனாலும் படத்தில் இருந்தவர் இவர்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. சுவரைப் பார்த்துவிட்டார் என்பதும் தெரிந்தது. நான் வழக்கமான வசனங்களை அவிழ்த்துவிட்டேன்: கெட்டிக்காரி, இன்னும் கொஞ்சம் வாய் திறக்கலாம், பழைய வினாத்தாள்கள் செய்யவேண்டும். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்," என்றார் கடைசியில். "அந்தச் சுவரில இருக்கிற படம்… அது பகிடிக்கு எடுத்தது."

"பகிடிக்கு எடுத்ததை ஏன் எங்கட வீட்டுக்கு அனுப்பினனீங்கள்?" என்றார் தாய். கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

பிழை என்னுடையது, நான்தான் இந்த வேலையைக் கொடுத்தேன், நாளைக் காலையில் கழற்றிவிடுகிறேன் என்று நான் இடையில் புகுந்தேன். என்னுடைய சமாதானத்தை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

"அந்தப் படம் கிடைச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும், அது இவற்ர கார் இல்லையெண்டு," என்றார் தாய், என்னைப் பார்த்து.

தகப்பன் மெல்லத் திரும்பினார். "எப்பிடி?"

"தன்ர காரெண்டால் ஆள் சாஞ்செல்லே நிப்பார். நீங்கள் ஒரு முழம் தள்ளி நிக்கிறியள். கை பட்டால் ஆரும் ஏசுவினமோ எண்ட மாதிரி."

தகப்பன் கதவுப் பக்கம், படம் இருந்த நடைபாதையைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடமும் அந்தப் படத்தை நினைத்து அவர் எத்தனை தரம் வெட்கப்பட்டிருப்பாரோ தெரியாது. அந்த வெட்கத்துக்கு வேலையே இருந்திருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அதுவும் ஒரு கணக்கு வாத்தியாரின் முன்னால், ஐந்து நிமிட இடைவெளியில்.

"பிறகேன் ஓமெண்டு சொன்னனீர்?" என்று கேட்டார்.

"அடுத்தவன்ர சாமானில கை வைக்கப் பயப்பிடுற ஆள் எண்டு விளங்கினது. அது போதும் எண்டு நினைச்சன்."

மணி அடித்தது. அடுத்த குடும்பம் பின்னால் வந்து நின்றது. அவர் எழும்பவில்லை. பிள்ளைதான் அவருடைய தோளைத் தொட்டாள். படத்தைக் கழற்றட்டுமா என்று மறுபடி கேட்டேன். "இருக்கட்டும் சேர்," என்றார். போகும்போது நடைபாதையில் மூன்று பேரும் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது. தாய் விரலால் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மனைவியிடம் கேட்டேன். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது அவளுடைய வீட்டுக்குப் போனதும் அந்த அங்கிப் படம்தான். அதை நம்பினாயா என்று கேட்டேன்.

"எந்தப் படம், வேல் படமோ?" என்றாள்.

எந்த வேல் என்றேன். அவள் அல்பத்தைக் கொண்டுவரச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்த பத்திரத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். ஸ்டூடியோக்காரர் அவசரத்துக்குச் சுருட்டித் தந்தது ஒரு கோயில் கலண்டர். சுருளின் விளிம்பில், மிகச் சின்னதாக, ஒரு வேலின் முனையும் மயிலின் கழுத்தும் தெரிந்தன. இருபத்தாறு வருடமாக அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. நான் என் முகத்தைத் தவிர வேறொன்றையும் அதில் பார்த்திருக்கவில்லை.

"எந்த யூனிவேர்சிட்டி மயில் போட்டுப் பட்டம் குடுக்குது?" என்றாள். "அம்மா அதைப் பாத்திட்டுத்தான் சம்மதிச்சவ. பக்தியான பொடியன் எண்டு."

ஏன் இவ்வளவு காலமும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தால் இன்னொரு படம் எடுத்து அனுப்பியிருப்பியள்."

அவள் சிரித்தாள். எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளை வீட்டு அலுமாரிகளைக் கிளறவைத்து, தாய் தகப்பனின் வெட்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, நான் மட்டும் வாடகை அங்கிக்குள் நின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் மனதில் தைத்தது. அந்தத் தகப்பனாவது காரைத் தொடாமல் நின்றார். நான் தொப்பியைக்கூடச் சரித்து வைத்திருந்தேன்.

அடுத்த நாள் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னரே போய் என் படத்தையும் சுவரில் ஒட்டினேன். கீழே எழுதினேன்: "படத்தில் இருப்பவை: நான், ஸ்டூடியோவின் அங்கி, கோயில் கலண்டர். படத்துக்கு வெளியே: சித்தியடையாத ஒரு பாடம்." எந்தப் பாடம் என்று வகுப்பு கேட்டது. புள்ளிவிபரவியல் என்றேன். இப்போது அதைத்தான் அவர்களுக்குக் கணக்கு வகுப்பில் படிப்பிக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைத் தட்டினார். பின்வரிசைப் பிள்ளை தன் கொப்பியைத் திறந்து காட்டினாள். பேரன்ட்ஸ் ஈவினிங்குக்கு முன்னரே எழுதிய வரி: "சேரின் கையில் இருப்பது மயில்." எனக்குச் சொல்லாதது மரியாதைக்காகவாம்.

சுவரின் புகழ் பரவியது. மார்ச்சில் துணை அதிபர், பள்ளிக்கூடச் செய்திமடலுக்குப் படம் எடுக்கவேண்டும் என்று கமராவோடு வந்தார். எங்கள் சமூகத்தின் உண்மையான கதைகள் என்று தலைப்பு வைத்திருந்தார். அந்த நடைபாதையில் கூரை ஒழுகும். அதற்காக எப்போதும் ஒரு வாளி வைத்திருக்கும். அவர் முதலில் வாளியைத் தள்ளி வைத்தார். பிறகு உடைந்த கதிரை ஒன்றை. பிறகு சட்டையை வெளியே விட்டிருந்த இரண்டு பேரைப் பின்னால் போகச் சொன்னார். எல்லாருடைய கையிலும் புத்தகம் இருந்தால் நல்லது என்று நூலகத்திலிருந்து புத்தகங்கள் வந்தன; எனக்குக் கிடைத்தது நாய் வளர்ப்பைப் பற்றியது. சிரியுங்கள் என்றார். யாரோ ஒருவன் மிகவும் பணிவாக, இதை யாருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டான். பெற்றோருக்கு, பள்ளிக்கூட நிர்வாக சபைக்கு, அடுத்த வருடம் பிள்ளைகளைச் சேர்க்க யோசிப்பவர்களுக்கு என்று அவர் பெருமையோடு சொன்னார். இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் கொப்பியைத் திறந்தார்கள். வகுப்பின் ஆர்வத்தைக் கண்டு அவர் நெகிழ்ந்துபோனார். அவர் அதைச் செய்திமடலிலும் எழுதினார்.

பரீட்சை ஜூனில் முடிந்தது. சொந்தப் பாடத்துக்கு ஆசிரியர் மண்டபத்துக்குள் நிற்கக்கூடாது. நான் வெளியே மரத்தடியில் நின்றேன். எழுதி முடித்து வந்த பிள்ளைகள், வினாத்தாளில் ஒரு ஓவியம் வந்தது என்றார்கள். யாருக்கு அனுப்பியது என்று எல்லாரும் எழுதிவிட்டோம் சேர் என்றும் சொன்னார்கள். நான் அன்றிரவே புத்தகங்களைப் புரட்டினேன். அந்தக் கேள்விக்குப் புள்ளி உண்டா என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

ஓகஸ்டில் பெறுபேறு வந்தது. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை; மோசமும் இல்லை. துணை அதிபர் வழமைபோல நிறம் நிறமாக ஒரு அட்டவணை தயாரித்து, என் வரலாற்று வகுப்பு என் கணக்கு வகுப்புகள் எல்லாவற்றையும்விட நன்றாகச் செய்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். இருபத்திரண்டு வருடம் படிப்பித்த பாடத்தைவிடத் தெரியாத பாடத்தை நான் நன்றாகப் படிப்பிக்கிறேன் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நன்றி சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துப் பின்வரிசைப் பிள்ளையின் தாய் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, என்னோடு பேசவேண்டும் என்றார். மகளுக்கு வரலாற்றில் மிக நல்ல பெறுபேறு, கணக்கில் சுமார். அடுத்த இரண்டு வருட ஏ லெவல் படிப்புக்கு வரலாறு எடுக்கப்போகிறேன் என்று நிற்கிறாளாம். தகப்பன் கண் பரிசோதனைப் படிப்புத்தான் என்கிறாராம்.

"சேர், வரலாறு படிச்சா வேலை எடுக்கேலுமோ?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு இருபத்திரண்டு வருடமாக நான் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: கணக்கை விடவேண்டாம். எத்தனையோ பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரலில் ஒரு கனமும் வரும். அன்றைக்கு அது வாய்வரை வந்தது. அவர் மறுமுனையில் பொறுமையாக இருந்தார். ஒரு படத்தில் ஒரு முழ இடைவெளியைக் கண்டுபிடித்தவர்; என் குரலில் என்னத்தைக் கண்டுபிடிப்பாரோ என்று பயமாக இருந்தது.

"எனக்கு வடிவாத் தெரியாது அக்கா," என்றேன். "ஆனா அவள் கேக்கிற கேள்வி ஒருத்தருக்கும் வராத கேள்வி. அதை விடச்சொல்லிச் சொல்ல என்னால ஏலாது."

மறுமுனையில் மெல்லிய குரலில் ஏதோ கதைத்துக்கொண்டார்கள். பிறகு, பக்கத்தில் இவர் நிற்கிறார், கதைக்கப்போகிறாராம் என்று தொலைபேசியைக் கொடுத்தார். தகப்பன் வரலாற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அது தாயும் மகளும் முடிவெடுத்துவிட்ட விஷயம் என்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். சின்ன மகள் எட்டாம் ஆண்டுக்குப் போகிறாள், கணக்கென்றால் அழுகிறாள், சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் பார்க்க ஏலுமோ என்று மட்டும் கேட்டார்.

இப்போது அந்தச் சின்னவள் வருகிறாள். சாப்பாட்டு மேசையில் இருந்து படிக்கிறோம். பின்னங்கள் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, பிள்ளையை வெருட்டாதேங்கோ என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். போன கிழமைதான் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டுவது வரை வந்தோம். மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டி, விடை ஐந்தில் இரண்டு என்று பிடிவாதமாக நிற்கிறாள்.